கிளைம் ஆபீஸர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்த கதை

இன்சூரன்ஸ் கிளைம் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் அதில் என்ன இல்லை என்றுதான் கண் முதலில் தேடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அட்மிஷன் நேரம் இல்லை, பில்லில் சீல் இல்லை, ஆதாரில் ஒரு இனிஷியல், பாலிசியில் வேறு இனிஷியல். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மண்டபத்துக்குப் பின்கோடு போடவில்லையே என்று தோன்றும். சென்னையில் பல வருஷம் எனக்கு இதுதான் பிழைப்பு. டீம் லீடர், மேனேஜர் என்று படிப்படியாக ஏறி, ஓ.எம்.ஆர். பக்கம் மூணு பெட்ரூம் ஃபிளாட்டும் வாங்கியாச்சு. ஊருக்குப் போனால் ‘நம்ம பய நல்லா இருக்கான்’ என்பார்கள். நல்லா இருப்பதென்றால் கார், ஃபிளாட், பையனுக்கு சி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடம். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை.

இப்போது சொந்த ஊரில், தெற்கே, இருக்கிறேன். வாரத்தில் சில காலைகள் அரசு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. மற்ற நாட்களில் வீட்டிலிருந்தபடியே இரண்டு சிறு நிறுவனங்களுக்கு கிளைம் கோப்புகளைச் சரிபார்க்கிறேன். சென்னையில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. ‘எப்படிய்யா மனசு வந்துச்சு?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு ஞானோதயம் எதுவும் வரவில்லை. நெஞ்சுவலி வரவில்லை, வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை. சட்டைப் பையில் பேனா இருந்தது, அதுதான் ஆரம்பம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் கிடந்தார். லீவில் ஊருக்கு வந்திருந்த நான் துணைக்குப் போனேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் என் பேனாவைப் பார்த்து, ‘சார், இதைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?’ என்று ஒரு படிவத்தை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அடுத்தவர் வந்தார். மதியம் வரை எழுதினேன். படிவம் நிரப்புவது பெரிய வித்தை இல்லை. ஆனால் நிரப்பும்போதே எது தங்கும், எது திரும்பி வரும் என்று எனக்குத் தெரிந்தது. ‘இந்த வருமானச் சான்று பழசு, புதுசு வாங்கிட்டு வந்து குடுங்க, இல்லேன்னா நாளைக்கும் அலையணும்’ என்று சொன்னபோது அந்த மனிதர் முகத்தில் வந்த ஆசுவாசத்தை நான் ஆபீஸில் எந்த அப்ரூவல் கொடுத்தும் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் கிளைம் எண்தான்.

சென்னை திரும்பியதும் எளிய கணக்கு ஒன்று மனசில் ஓடியது. நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அடுத்த திங்கட்கிழமை இன்னொருவர் வந்து உட்காருவார், ஒரு கோப்பும் நிற்காது. அந்த வராந்தாவில் நான் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு யாருமே வரப்போவதில்லை. நான் விற்றுக்கொண்டிருந்த சரக்கு ஒன்றுதான். அதற்கு விலை கொடுக்கிற இடத்தில் சரக்கு குவிந்து கிடக்கிறது, விலை கொடுக்க முடியாத இடத்தில் ஒரு பிடிகூட இல்லை.

இதைச் சொன்னபோது என் மனைவி ஆவேசப்படவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. ஒரு நோட்டை எடுத்து வந்தார். அவருடைய நிபந்தனைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி யோசிக்கிற எல்லோருக்கும் இவைதான் முதலில் தேவை. ஒன்று, ஃபிளாட் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது யாரும் யாருக்கும் சேவை செய்ய முடியாது. விற்றுக் கடனை அடை. இரண்டு, எங்கள் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும், உன் பேரில் டேர்ம் பாலிசி என்கிற ஆயுள் காப்பீடும் வேலையை விடுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். ஆபீஸ் பாலிசி ஆபீஸோடு போய்விடும். மூன்று, ஒரு வருஷச் செலவு பேங்கில் தொடாமல் இருக்க வேண்டும். நான்கு, பையனின் காலேஜுக்கு என்று ஒதுக்கியதில் கை வைக்கக் கூடாது, அவன் உன் தத்துவத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. இந்த நாலாவதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஃபிளாட்டை விற்றோம். எதிர்பார்த்த விலை வரவில்லை, கடன் போக மிச்சம் சுமார்தான். ஊரில் அப்பாவின் வீடு இருந்தது. அது இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தக் கூரை இல்லாதவரைப் பார்த்து ‘ஆசையைக் குறை’ என்று உபதேசிப்பது எனக்குப் பிடிக்காது. அவர்கள் முதலில் கூரைக்குச் சம்பாதிக்கட்டும். வேலையை விடாமலே சனிக்கிழமை காலை மட்டும் வந்து போகும் ஒரு பேங்க் நண்பர் இருக்கிறார். அவர் செய்வது என் வேலையைவிட எந்த வகையிலும் குறைச்சல் இல்லை.

சரி, வராந்தாவுக்கு வருவோம்.

பேனாவும் நாற்காலியுமாகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. மருத்துவமனை நிர்வாகத்தைப் பார்க்கிற நிலைய மருத்துவ அலுவலரை, ஆர்.எம்.ஓ.வை, பார்த்து, நான் யார், என்ன செய்யப் போகிறேன், காசு வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். அது இல்லாமல் உட்கார்ந்தால் புரோக்கர் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதில் தப்பும் இல்லை. கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று ஐந்நூறு, ஆயிரம் கறக்கிறவர்கள் இல்லாத ஊர் எது? வார்டு நர்ஸ், காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் இருக்கிற தங்கச்சி, செக்யூரிட்டி அண்ணன் எல்லோருக்கும் முதல் சில வாரம் என் மேல் சந்தேகம்தான். நான் அவர்கள் வேலையைக் குறைக்கிறேன், குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை என்று தெரிந்த பிறகு அவர்களே ஆளை அனுப்ப ஆரம்பித்தார்கள். ‘அந்தக் கண்ணாடி போட்ட சார்கிட்ட காட்டிட்டு வாங்க.’

வருகிற காகிதங்களில் பெரும்பாலானவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சம்பந்தப்பட்டவை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இந்தப் பெயருக்கு மாறி, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையில் படுக்கை, டாக்டர், மாத்திரை எல்லாம் இலவசம்தானே, கார்டு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். ஸ்டென்ட், செயற்கை மூட்டு மாதிரி விலை அதிகமான பொருட்கள் வரும்போது இந்தத் திட்டத்தின் பணம் கை கொடுக்கும். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்றால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அந்தக் கார்டு செல்லும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் கையில் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிந்துவிடலாம். சொல்லும்போது எளிது. சிக்கல் முழுக்க அந்த மூன்று காகிதங்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு இருபத்து மூணு வயசு இருக்கும், இதய வால்வில் பிரச்சினை, ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி சொல்லிவிட்டார். மாமியார் மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, ஆதார்கள், எக்கோ ரிப்போர்ட், கல்யாணப் பத்திரிகை, சமையல் கேஸ் புக், பஸ் டிக்கெட்டுகள். ரேஷன் கார்டைப் பார்த்தேன். மாமனார், மாமியார், மகன் என்று மூணு பேர்தான் இருந்தார்கள்.

‘ஆத்தா, இவங்க பேரு கார்டுல இல்லையே?’

‘ஏந்தம்பி, இவ எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. ஊருக்கே தெரியும்.’

‘ஊருக்குத் தெரியும் ஆத்தா, கார்டுக்குத் தெரியலையே.’

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை. ‘அப்ப இவ அப்பன் வீட்டுக் கார்டுல இருக்கும்’ என்றார். அங்கே போன் போட்டோம். கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணின் பெயரை எடுத்துவிட்டார்களாம். அதாவது அந்தப் பெண் இரண்டு கார்டுக்கும் நடுவில், எந்தக் குடும்பத்திலும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்கள்தான். தாலியைக் காட்டினாலும் கம்ப்யூட்டர் ஏற்காது.

பெயர் நீக்கியதற்கான சான்று எங்கே என்று கேட்டால் அவள் அப்பாவுக்குத் தெரியவில்லை. நீக்கிக் கொடுத்த இ-சேவை மையத்துக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பாரே, பழைய மெசேஜைத் தேடுங்கள் என்றேன். குட்மார்னிங் படங்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பி.டி.எஃப். கிடைத்தது. அதையும் ஆதாரையும் கல்யாணச் சான்றையும் வைத்து, புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் சேர்க்க விண்ணப்பம் போட்டு, வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஆபரேஷன் தேதி எழுதிய சீட்டைக் காட்டச் சொன்னேன். அந்தச் சீட்டு இருந்தால் அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தான். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னால் கார்டு வந்துவிட்டது. இதில் நான் செலவழித்தது அரை மணி நேரமும் இரண்டு போன் காலும். கல்யாணமான பெண் வீட்டில் இருந்தால் இன்று சாயங்காலமே கார்டை எடுத்துப் பாருங்கள், நோய் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இதில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு நான் ஒரு பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போயிருக்கும், கார்டுச் சிக்கல் அப்படியே இருந்திருக்கும். பணம் கொடுப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. சென்னையில் இருந்தபோது வருஷா வருஷம் ஒரு இல்லத்துக்கு அனுப்புவேன், வரிவிலக்கு ரசீதும் வரும், இப்போதும் முடிந்ததை அனுப்புகிறேன். ஆனால் எல்லோரிடமும் பணம் தவிர வேறு ஏதோ ஒரு சரக்கு இருக்கிறது. அது அவர்களுக்கே தண்ணி பட்ட பாடு என்பதால் அதற்கு மதிப்பு இருப்பதாகத் தோன்றுவதில்லை. எலக்ட்ரீஷியனுக்கு வயரிங், டீச்சருக்கு விண்ணப்பம், வக்கீல் குமாஸ்தாவுக்குக் கோர்ட் நடைமுறை. உதவி செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரியாத வேலையைத்தான் தேடிப் போகிறார்கள். மரம் நடுகிறார்கள், அடுத்த வருஷம் அந்த மரத்தைப் பார்க்கப் போவதில்லை. தெரிந்ததைச் செய்தால் சீக்கிரம் சலிக்காது.

விபத்துக் கேஸ்கள் வேறு ரகம். அங்கே நேரம் கிடையாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லை. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையானாலும் சரி. வருமான வரம்பு கிடையாது, எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வடமாநிலத்துத் தம்பியாக இருந்தாலும் செல்லும். ஆனால் அடிபட்டவரைத் தூக்கி வருகிற சொந்தக்காரர்களுக்கு அந்த நேரத்தில் இது எங்கே ஞாபகம் வரும்? வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடகுக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ‘இப்ப வைக்க வேண்டாம், முதல்ல கவுன்ட்டர்ல 48 திட்டம்னு சொல்லுங்க’ என்று சொல்வது மட்டும்தான் என் வேலை.

இன்னொன்று, அந்தப் பதற்றத்தில் யாரும் காகிதத்தைச் சேர்த்து வைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து நஷ்டஈடு கேட்டுப் போகும்போது வக்கீல் முதலில் கேட்பது ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, ஒரிஜினல் பில்கள். ஏ.ஆர். காப்பி என்றால் விபத்தில் வந்தவரைச் சேர்க்கும்போது மருத்துவமனையில் எழுதுகிற பதிவின் நகல். எந்த வண்டி மோதியது, யார் கொண்டு வந்தார்கள், எத்தனை மணிக்கு என்று அதில்தான் இருக்கும். ‘தானா விழுந்துட்டாரு’ என்று யாராவது அவசரத்தில் சொல்லி, அதை அப்படியே எழுதிவிட்டார்கள் என்றால் முடிந்தது கதை. கிளைம் பிரிவில் இருந்தபோது நாங்கள் முதலில் புரட்டுகிற தாளே அதுதான். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ‘நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, வண்டி நம்பரைச் சொல்லுங்க’ என்கிறேன். விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடச் சட்டத் திருத்தம் 6 மாதம் என்று கெடு வைத்திருக்கிறது, அதனால் ‘காரியம் முடியட்டும், வருஷத் திதி முடியட்டும்’ என்று தள்ளிப் போடக் கூடாது. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் கையை விரிக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலிலிருந்து, உயிர் போயிருந்தால் 2 லட்சம், பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் வழியாக விண்ணப்பிக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வராந்தாவுக்கு ஏழைகள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். தனியார் பாலிசி எடுத்து, கிளைம் நிராகரிக்கப்பட்ட நடுத்தர வர்க்கத்தினரும் வந்து நிற்கிறார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி. ரிடையரான ஒரு தலைமையாசிரியர் வந்தார். பல வருஷம் விடாமல் பிரீமியம் கட்டியவர், பாலிசி எடுக்கும்போது சர்க்கரை நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுத்திருக்கிறார்கள். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டிய மருத்துவப் பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, விவரம் மறைத்தார் என்று சொல்லி கிளைமை மறுக்கக் கூடாது என்பது 2024 ஏப்ரலில் வந்த விதி, அதற்கு முன் எட்டு வருஷம் கட்டியிருக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது கம்பெனிக்கு வெளியே இருக்கிற குறைகேட்பாளரிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளைப் பார்ப்பார்கள். கடிதத்தை நான் எழுதித் தரவில்லை. சார் அழகாகத் தமிழ் எழுதுவார், விதி எண்ணை மட்டும் சொன்னேன். முதல் கடிதத்திலேயே பணம் வந்துவிட்டது. இப்போது அவர் தெருவில் மூன்று பேருக்கு அவரே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உதவி வாங்குகிறவர்களின் கூச்சம் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆரம்பத்தில் யார் எதை நீட்டினாலும் ‘ஐயோ, வேண்டாம்’ என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஒருநாள் ஒரு கொத்தனார் டீ வாங்கி வந்து நீட்டினார். மறுத்தேன். ‘எங்க கையால குடிக்க மாட்டீங்களா சார்?’ என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து டீ குடிப்பேன், வாழைப்பழம் வாங்கிக்கொள்வேன், வீட்டுக் கொல்லையில் விளைந்த முருங்கைக்காய் என்றால் கட்டாயம் வாங்கிக்கொள்வேன். ரூபாய் மட்டும் கூடாது. கொடுப்பவன் எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் அது உறவில் சேராது. அதேபோல் போட்டோ எடுப்பதில்லை. நோயில் கிடக்கும்போது, தலை வாராமல், கையில் படிவத்தோடு நிற்கிற ஒரு பெண்ணின் படத்தை முகநூலில் போட்டு நான் நல்லவனாக வேண்டியதில்லை. சிலர் போடுகிறார்கள், அதனால் நன்கொடை வருகிறது என்று வாதமும் செய்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

வாக்குக் கொடுப்பதில்லை என்பதும் நானாக வைத்துக்கொண்ட விதி. ‘வாங்கித் தர்றேன்’ என்ற சொல் என் வாயில் வராது. ‘போட்டுப் பாப்போம், இது இருந்தா கிடைக்க வாய்ப்பிருக்கு’ என்பதோடு சரி. கடைசிக் கையெழுத்து என் கையில் இல்லை. கலெக்டர் ஆபீஸ் வரை கூடவே போவதையும் குறைத்துக்கொண்டேன். நடக்க முடியாதவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒண்டிக்கட்டை என்றால் போவேன். மற்றவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எந்த ஆபீஸ், எந்த அறை, என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புவேன். ஒருமுறை அந்தக் கவுன்ட்டரில் தானாகப் பேசி வேலையை முடித்தவர், அடுத்த முறை தன் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போவார்.

பொருளை விட்டவர்கள் என்றதும் எங்கள் பக்கத்தில் உடனே நினைவுக்கு வருகிறவர் பாலம் கல்யாணசுந்தரம் ஐயா. ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரி நூலகராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, சம்பளத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, தன் வயிற்றுக்கு வேறு வேலை செய்தவர். 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்படி வாழ்ந்தார். கையெடுத்துக் கும்பிடலாம், ஆனால் மனைவியும் பள்ளிக்கூடம் போகிற பையனும் இருக்கிற நான் அதைப் பின்பற்றுகிறேன் என்று சொன்னால் பொய். என் மாதிரி ஆளுக்குத் தோதானவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர். முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோன கண் டாக்டர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயசில், 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் காசைத் தூக்கி எறியவில்லை, கணக்குப் பார்த்தார். கட்டணம் கட்டுகிறவர்களிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கும் அதே ஆபரேஷன். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டு விலைக்கு விற்றபோது, 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்று லென்ஸ் செய்கிற ஆலை வந்து, விலை தடதடவென்று இறங்கியது. உதவி செய்கிறவனுக்குக் கணக்கு தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம் வெறுமனே நின்று பார்க்க வேண்டும்.

நஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. கார் போய்விட்டது, டூவீலர்தான். சென்னையில் கூட வேலை பார்த்தவர்கள் பாங்காக் போன படங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரும்போது என் பையன் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பான். ஒன்றும் கேட்க மாட்டான். எனக்குக் கேட்கும். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் மொய் எழுதும் இடத்தில், முன்பு போல் எழுதவில்லை என்று அக்கா புருஷன் முகம் மாறியது. ‘மாப்ளைக்கு நேரம் சரியில்லை போல’ என்று காதில் விழுந்தது. இதெல்லாம் உறைக்காது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கொஞ்ச நேரம் உறைக்கும், அப்புறம் அடுத்த நாள் காலையில் யாராவது மஞ்சப்பையோடு வந்து நிற்பார்கள், மறந்துபோகும்.

சோர்ந்து போகிற நாட்களும் உண்டு. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் நோயாளி பிழைக்காத நாட்கள். அந்த மாதிரி நாட்களில் மதியமே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். மனைவி காரணம் கேட்பதில்லை. வாரத்துக்குச் சில காலைகள் மட்டும் என்று வரம்பு வைத்ததும் அவர்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற போனை எடுக்காதே, உயிர்ப் பிரச்சினை என்றால் 108-க்கு அடிக்கச் சொல், காகிதப் பிரச்சினை என்றால் காலை வரை காத்திருக்கும் என்பார். சரியான பேச்சு.

இப்போது வராந்தாவில் இரண்டு காலேஜ் பிள்ளைகள் கூட உட்காருகிறார்கள். ஆதார் திருத்தம், இ-சேவை விண்ணப்பம் எல்லாம் என்னைவிட வேகமாகப் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகள் பதிவு, முதியோர் உதவித்தொகை இரண்டையும் அவர்களிடமே விட்டுவிட்டேன். எங்களிடம் ஓட்டையாக இருப்பது வேறு இடம். மில் வேலைக்காரர்கள் இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்கிறார்கள், கணவர் இறந்த பிறகு பி.எஃப். பென்ஷன் வராத பெண்கள் வருகிறார்கள், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் வருகிறார்கள். இந்த மூன்றும் எனக்கு அரைகுறைதான், அரைகுறையாகச் சொல்லி அலைய விடக் கூடாது என்பதால் பதில் சொல்லாமல் அனுப்புகிறேன். ஹெச்.ஆரிலோ சம்பளப் பட்டுவாடாவிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பி.எஃப். படிவங்கள் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். மாதத்துக்கு இரண்டு காலை போதும். எங்கள் ஊருக்கே வர வேண்டியதில்லை, உங்கள் ஊர் அரசு மருத்துவமனை வராந்தாவிலும் இதே கேள்விகளோடுதான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆர்.எம்.ஓ.விடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பேனா இரண்டாகக் கொண்டு போங்கள், ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.